யாகினிகு மேசையில் இடுக்கியின் ஆட்சி: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

பசித்தவர் உணவகத்துக்குப் போவது சமைக்காமல் சாப்பிடத்தான். காசு கொடுப்பதும் அதற்காகத்தான். ஜப்பானின் யாகினிகு உணவகங்கள் இந்த ஆதி ஒப்பந்தத்தையே தலைகீழாக்கிவிட்டன. அங்கே பணியாளர் பச்சை இறைச்சியைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைக்கிறார், அடுப்பைப் பற்றவைக்கிறார், ஓர் இடுக்கியை நீட்டுகிறார், குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுகிறார். வாடிக்கையாளர் வியர்க்க விறுவிறுக்கத் தாமே சுட்டுத் தின்று, முழுத் தொகையையும் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். சமையல் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி எவரும் வழக்குப் போடவில்லை. ஏன்?

இவ்வாய்வு முன்வைக்கும் கருதுகோள் வருமாறு: யாகினிகு மேசை என்பது ஒரு நாடு. இடுக்கி அதன் செங்கோல். அதை ஏந்தியவர் எவரோ அவரே அரசர். அந்த அரசர் தம் குடிகளைவிடக் குறைவாகவே உண்கிறார்.

ஆய்வு எல்லை: நான்கு பேர் அமரும் மேசை, மாட்டிறைச்சி, அலுவலகம் விட்ட மாலை வேளை. ஹொக்காய்டோவில் குவிந்த இரும்புச் சட்டியில் ஆட்டிறைச்சி சுடும் ஜின்கிஸ்கான் தனி ஆய்வேட்டுக்கு உரியது என்பதால் விலக்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

கி.பி. 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் உண்ணத் தடை விதித்தார். தடை ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே என்றாலும், பௌத்தத்தின் செல்வாக்கும் சேர்ந்துகொள்ள, நாலுகால் பிராணிகளின் இறைச்சி பல நூற்றாண்டுகள் பொது வழக்கிலிருந்து ஒதுங்கியே இருந்தது. மருந்து என்று சொல்லி உண்டவர்கள் இருந்தார்கள். மருந்துக்குப் பத்தியம் உண்டே தவிரத் தடை கிடையாது என்பது எல்லா நாட்டு நாக்குகளுக்கும் தெரிந்த சட்ட நுணுக்கம். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானதும் ஏறத்தாழ 1,200 ஆண்டுத் தயக்கம் ஒருவாறு முடிவுக்கு வந்தது.

ஆனால் மேசை நடுவே அடுப்பு வந்தது பேரரசரால் அல்ல, ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களால். இரண்டாம் உலகப் போருக்குப்பின், பிழைப்புக்கு வழியில்லாத நாட்களில், அவர்கள் இறைச்சியையும் குடல், இரைப்பை முதலியவற்றையும் சுட்டு விற்றார்கள். ஒசாகாவின் சுருஹாஷி பகுதி இன்றும் அந்தப் புகையால் அறியப்படுகிறது. 1946-இல் தொடங்கியதாகக் கூறி மூலவர் பட்டத்துக்கு உரிமை கோரும் கடைகள் இரண்டு: ஒசாகாவின் ஷொகுதோஎன், டோக்கியோவின் மேய்கெட்சுகான். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இவ்வாய்வின் நோக்கமன்று.

ஒரு வேறுபாடு மட்டும் இங்கே உற்று நோக்கற்பாலது. கொரிய உணவகத்தில் பணியாளரே வந்து சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டித் தருவது பரவலான வழக்கம். ஜப்பானிலோ இறைச்சி ஒருவாய் அளவு மெல்லிய துண்டுகளாக வருகிறது. சுட்டபின் சோயா, சர்க்கரை, பூண்டு, எள் சேர்ந்த டாரே என்னும் சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். ஆட்சி குடிமக்களிடம் ஒப்படைக்கப்பட்டது இப்படித்தான். 1991-இல் மாட்டிறைச்சி இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து விலை இறங்கவே, நடுத்தர வர்க்கமும் அரியணை ஏறியது.

அரசரின் கடமைகள்

கொதிக்கும் பானையைச் சுற்றியமர்ந்து உண்ணும் நபே விருந்தில், எதை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று அதிகாரம் செய்பவரை ஜப்பானியர் 'நபே புக்யோ' என்று கேலி செய்வார்கள். எடோ காலத்தில் புக்யோ என்பது ஆட்சியதிகாரியின் பதவிப்பெயர். நபே புக்யோவின் உடன்பிறப்புதான் 'யாகினிகு புக்யோ'. எவரும் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பணியாளர் இடுக்கியை மேசையில் வைத்த கணத்தில் யார் கை முந்துகிறதோ அவருக்கே முடிசூட்டு.

அவருடைய முதல் ஆணை, நாக்கு. உப்புத் தூவிய நாக்குத் துண்டைத்தான் முதலில் வைக்க வேண்டும். காரணம் நிர்வாக ரீதியானது: உப்பு கம்பிவலையைக் கெடுக்காது, டாரேயில் ஊறிய இறைச்சியின் சர்க்கரையோ கருகி ஒட்டிக்கொள்ளும். துண்டு வலையில் பட்டதும் வெண்மையாகிறது. ஓரங்கள் மெல்ல மேலே சுருள்கின்றன. மேற்பரப்பில் சாறு முத்து முத்தாகக் கசிகிறது. அரசர் குனிந்து, மூச்சடக்கி, அந்த முத்துகளை எண்ணுவதுபோல் பார்க்கிறார். ஒரே ஒரு திருப்பல். பிறகு "இப்போது!" என்கிறார். நான்கு தட்டுகளிலும் துண்டு விழுகிறது. எலுமிச்சை பிழியாமல் தொட்டவர் கண்டிக்கப்படுகிறார்.

இரண்டாவது, சுகாதாரத் துறை. பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கி வேறு, வாயில் படும் குச்சிகள் வேறு. இரண்டும் கலக்கக்கூடாது. மாட்டு ஈரலைப் பச்சையாகப் பரிமாறுவதை அரசாங்கம் 2012 ஜூலையில் தடை செய்துவிட்டது. ஆகவே ஈரல் வலையில் இருக்கும்வரை அரசர் கண்ணிமைப்பதில்லை.

மூன்றாவது, தீயணைப்பு. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மயார் 1912-இல் விளக்கிய வினையால்தான் இறைச்சி பழுப்பேறி மணக்கிறது. ஆனால் விலாவோரக் கொழுப்பு நிறைந்த கருபித் துண்டுகள் மயாருக்குக் காத்திருப்பதில்லை. கொழுப்பு சொட்டியதும் தீ எம்பிப் புருவம்வரை வருகிறது. சில கடைகளில் இதற்கென்றே பனிக்கட்டிகளை ஒரு கிண்ணத்தில் தருகிறார்கள். அவற்றை வலையின் மேல் வைத்து அரசர் கலகத்தை அடக்குகிறார்.

குடிமக்களின் வகைப்பாடு

குடிகள் மூவகைப்படுவர். முதல்வகையினர் புரட்டிகள்: பேச்சுக்கு இடையே கை சும்மா இராமல் துண்டைப் புரட்டிக்கொண்டே இருப்பவர்கள். இரண்டாம் வகையினர் எல்லைக் காவலர்கள்: வலையின் ஓர் ஓரத்தைத் தமதாக்கி, "அது நான் வைத்தது" என்று பட்டா பேசுபவர்கள். மூன்றாம் வகையினர் சோற்றுக் கிண்ணத்தை ஏந்தியபடி அமைதியாகக் காத்திருப்பவர்கள். இவர்களே அதிகம் உண்பவர்கள் என்பது கண்கூடு.

இம்மூவகையினரும் ஒன்றுபடும் தருணம் ஒன்று உண்டு. வலையில் கடைசித் துண்டு எஞ்சும்போது ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். கான்சாய் வட்டாரத்தில் அந்தத் துண்டுக்கே 'என்ரியோ நொ கதமரி', அதாவது தயக்கத்தின் கட்டி, என்று பெயர் உண்டு. "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்", "இல்லையில்லை, நீங்கள்" என்ற பேச்சுவார்த்தை முடிவதற்குள் அது கரியாகிவிடுகிறது. கரியை அரசர் உண்கிறார்.

எதிர்வாதமும் மறுப்பும்

2018-இல் டோக்கியோவின் ஷின்பாஷியில் 'யாகினிகு லைக்' என்ற கடை திறக்கப்பட்டது. ஆளுக்கோர் அடுப்பு, ஆளுக்கோர் இடுக்கி. ஒருவரே அரசரும் குடியும் ஆகிவிட்டால் கருதுகோள் என்னாவது என்று கேட்கலாம். அங்கும் உற்றுப் பார்த்தால் உண்மை விளங்கும்: தனியாக உண்பவரின் இடது கை கைப்பேசியில் குடியாகவும், வலது கை இடுக்கியில் அரசராகவும் பிளவுபட்டிருக்கிறது. கருகும் துண்டுகளே இதற்குச் சான்று.

முடிவும் பரிந்துரையும்

விருந்து முடிந்து பணியாளர் மேசையைத் துடைக்கும்முன் டாரே கிண்ணங்களைப் பார்த்தாலே போதும். மூன்று கிண்ணங்கள் காலியாக இருக்கும். நிறைந்திருக்கும் நான்காவது அரசருடையது. அவருடைய பீரில் நுரை இல்லை, சோறு ஆறிப்போயிருக்கிறது, முகம் மட்டும் மலர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே: வாடிக்கையாளர் காசு கொடுப்பது இறைச்சிக்கு மட்டுமன்று, இரண்டு மணி நேர ஆட்சிக்கும் சேர்த்துத்தான். அந்த ஆட்சியோடு ஒப்பிட்டால் கட்டணம் மலிவு.

எனினும் எந்த ஆட்சிக்கும் கால வரம்பு வேண்டும். கடைக்காரர்கள் கம்பிவலை கருகியதும் கேட்காமலே புதியதை மாற்றித் தருகிறார்கள். யாகினிகு மேசையில் அமரும் அன்பர்களுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: வலை மாறும் ஒவ்வொரு முறையும் இடுக்கியையும் கைமாற்றுங்கள். பதவியிழந்தவருக்கு முதலில் ஒரு துண்டு சூடாகக் கொடுங்கள்.