புறமுதுகிடும் பறவைகள்: சின்னசேலம் மின்கம்பிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மாசி பிறந்தால் சின்னசேலத்தில் மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளின் ஓரம் கேமராக்கள் முளைக்கின்றன. அவை தரும் படங்களை ஒருங்கே வைத்து நோக்கின், கரிச்சான், பனங்காடை, பஞ்சுருட்டான் ஆகிய மூன்றும் முதுகும் வாலுமாகவே காட்சி தருகின்றன. தமிழ் மண்ணில் புறமுதுகிடுதல் பேரிழுக்கு என்பதால் இச்சிக்கல் ஆய்வுக்குரியது.

முன்னாய்வுகள் உதவவில்லை. 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் பறவை நூலில் இருப்பவை ஓவியங்கள். அவை வரைந்தவர் சொன்னபடி நின்றன. 1998இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகெங்கும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பும் சரி, நம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் சரி, எத்தனை பறவை என்று கேட்குமேயன்றி, எப்பக்கம் பார்த்தது என்று கேட்பதில்லை.

கூச்சமே காரணம் என்பர் ஒரு சாரார். அற்றன்று. காக்கையையும் பருந்தையும் ஓட ஓட விரட்டும் கரிச்சானுக்குச் செல்போன்காரரிடம் என்ன கூச்சம்?

அழகை ஒளிக்கும் தந்திரம் என்பர் பனங்காடைக் கட்சியினர். உட்கார்ந்தால் பழுப்பாகத் தெரியும் அப்பறவை, எழுந்து பறக்கையில்தான் சிறகின் நீலத்தை விரிக்கும். அதற்குள் படமெடுப்பவர் கேமராவை உறையில் போட்டிருப்பார். உண்மையே, ஆயினும் முதுகுக்கு இது விளக்கமாகாது.

எமது துணிபு: காற்று. இறகுகள் முன்னிருந்து பின்னாகப் படிந்தவை. பின்னிருந்து காற்றடித்தால் கலைந்துவிடும். எதிர்காற்றில் மேலெழுவதும் எளிது. ஆகவே கம்பியில் அமரும் பறவை காற்று வரும் திசையையே பார்க்கும். மாசியில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருவது. படமெடுப்பவரோ வெயிலை முதுகில் வாங்கி நிற்பார். காலையில் கிழக்கே நின்றால் முகம் கிடைக்கும். மாலையில் மேற்கே நின்றால் வால்தான்.

அங்ஙனமாயின் பாதிப் படங்களிலேனும் முகம் இருக்க வேண்டுமே எனின், நன்று வினவினீர். காலை இளவெயில் நேரத்தில் நம் ஆய்வாளர்கள் டீக்கடையில் அமர்ந்து, முந்தைய மாலை எடுத்த வால்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்வுகள் இரண்டு: காற்றைத் திருப்பிவிடுவது, அல்லது ஐந்தரைக்கு எழுவது. முன்னதே எளிது என்பது வட்டாரக் கேமராக்காரர்களின் ஒருமித்த முடிவு.