நம்பர் சொல்லுங்க சார்

கடலூர்க்காரனுக்குச் சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்து மக்கள் 2004-லேயே பக்கெட்டில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள். அந்தப் பாரம்பரியத்தில் வந்த நாங்கள் மீன் வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும்.

முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு மீன்கார அம்மா சங்கரா மீனைப் பரப்பி வைத்திருப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்போம். கண் உள்ளே போயிருக்கிறதா என்று குனிவோம். வயிற்றை அமுக்கி, மோந்து பார்த்து, கடைசியில் "ஃபார்மலின் போட்டதில்லையே?" என்று கேட்டும் விடுவோம். 2018-ல் கேரளச் சோதனைச் சாவடியில் டன் கணக்கில் ஃபார்மலின் மீன் பிடிபட்ட நாளிலிருந்து எங்கள் செம்மண்டலத்தில் வேதியியல் தெரியாதவர் கிடையாது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அப்போது விசாரணை இன்னும் கடுமையாகும். ஃபைபர் படகு மீனா, மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா? கேள்வி நியாயமானதுதான், கேட்கிற தோரணைதான் போலீஸ் ஸ்டேஷன். ஒருநாள் அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்கு இன்னும் ஆதார் கார்டு எடுக்கல சார். எடுத்திருந்தா காட்டியிருப்பேன்."

நம் சந்தேகம் சில சமயம் பலிக்கவும் செய்யும். பக்கத்துப் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பதைக் கண்டுபிடித்துத் தடை போட்டார்கள், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடும் போட்டது. ஆனால் அடுத்த ஆண்டு கோடையில் தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பழம் வயலிலேயே கிடந்தது, விலை விழுந்தது. விவசாயிகள் கொதித்த பிறகு, அப்படியொன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் தர்பூசணி வீடியோவை அனுப்பிய என் பெரியப்பா இந்த விளக்கத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை.

சரி, மீனை மோந்து பார்த்த அதே ஆசாமி பையோடு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறார். பில் போடும் பெண் தலை நிமிராமலே, "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பத்து இலக்கத்தையும் நம் ஆசாமி ஒப்பிக்கிறார். எதற்கென்று ஒரு வார்த்தை? கேட்க மாட்டார். அன்று சாயங்காலமே தனிநபர் கடன், மனைப்பிரிவு, மூட்டுவலித் தைலம் என்று அழைப்புகள் வர ஆரம்பித்தால் "எப்படித்தான் நம்பர் கிடைக்குதோ" என்று அதிசயிப்பார்.

நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. இதை நான் ஒரு கவுன்டரில் எடுத்துச் சொன்னேன்.

"நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போவாது சார்."

பின்னால் பால் பாக்கெட்டோடு நின்றவருக்கு அவசரம். "என் நம்பரைப் போட்டுக்கம்மா, சாருக்கு என்னவோ பெரிய ரகசியம்" என்றார். அந்தப் புண்ணியவானிடமிருந்துதான் எனக்கு யோசனை பிறந்தது. அதுமுதல் எல்லாக் கடையிலும் சிதம்பரத்து மைத்துனர் நம்பரைத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன்.

"மாமா, சுகர் ஏறிடுச்சுன்னு அக்கா அழுவுது. நீங்க ஒரு கிலோ நெய் மைசூர்பா வாங்கினதா எனக்கு பில் வருது!"

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மைத்துனர்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை.

உணவும் அந்தரங்கமும் ஒரே தாளில் கைக்கு வந்ததும் உண்டு. ஒரு தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்தால் யாருடைய குடும்ப அட்டை நகலோ. பெயர், முகவரி, புகைப்படத்தின் மேலே எண்ணெய். அச்சடித்த தாளில் தின்பண்டம் கட்டாதீர்கள், மையிலுள்ள ரசாயனம் சாப்பாட்டில் இறங்கும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பலமுறை எச்சரித்திருக்கிறது. அது உணவுக் கணக்கு. அந்தரங்கக் கணக்குக்கு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அது டிஜிட்டல் தரவுக்கான சட்டம். பஜ்ஜித் தாள் அதில் அடங்காது. நான் தின்று முடித்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

சுற்றுச்சூழலுக்காக மின்சார ஸ்கூட்டர் வாங்கியதும் இதே அந்தரங்கப் பிரச்சினையில்தான் வந்து முட்டியது. அதன் ஆப் முதலில் கேட்டது என் இருப்பிடம், அடுத்தது தொடர்பு எண்கள் முழுவதும். வண்டி ஓடுவதற்கு என் பெரியப்பா நம்பர் எதற்கு? ஆனாலும் "அனுமதி" என்று அழுத்தினேன், அழுத்தாதவர் யார்? ஆப் வீட்டம்மா போனிலும் இருக்கிறது.

"ஏங்க, மஞ்சக்குப்பத்துல கால் மணி நேரம் வண்டி எதுக்கு நின்னுச்சு?"

பஜ்ஜிக் கடை வரைபடத்தில் ஏறிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பச்சை வண்டிக்கு நான் ஊற்றுகிற மின்சாரத்தில் காற்றாலையும் சூரியனும் கலந்திருக்கும்தான், ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலி பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. சிதம்பரம் போனால் மைத்துனர் வீட்டில் சார்ஜ் போடுகிறேன். அவருடைய 100 இலவச யூனிட்டில் கொஞ்சம் குறையட்டும்.

வீட்டம்மாவோ டவுன் பஸ்ஸில் போய் வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், பெயர் கேட்பதில்லை, நம்பர் கேட்பதில்லை, எங்கே இறங்கினார் என்று யாருக்கும் சொல்வதுமில்லை. ஐம்பது பேருக்கு ஒரே இன்ஜின் என்பதால் புகைக் கணக்கிலும் என் பழைய பைக்கைவிட அந்த பஸ்தான் யோக்கியம். கண்டக்டரைப் போல எதுவும் கேட்காத இன்னொருவர் அந்த மீன்கார அம்மா. நாம் சந்தேகப்படுவது இவர்களைத்தான்: ஒருவரிடம் மீனை மோந்து பார்க்கிறோம், இன்னொருவரிடம் சில்லறையை எண்ணிப் பார்க்கிறோம்.

கெட்டுப்போன சாப்பாடு பற்றிப் புகார் சொல்லத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. இரண்டுக்கும் உங்கள் நம்பர் தெரிந்துவிடும், அங்கே மட்டும் தாராளமாகக் கொடுங்கள். மைத்துனர் நம்பர் வேண்டாம்.