ஏழு 'பி' படித்த தம்பி

பி.பி.ஏ. நான்காம் செமஸ்டர் வரைக்கும் அவன் சாதுவான பிள்ளை. மார்க்கெட்டிங் என்றால் சோப்பு, பற்பசை, பிஸ்கட். ஒரு பொருள், அதற்கொரு விலை, விற்க ஓர் இடம், ஊருக்குச் சொல்ல ஒரு விளம்பரம். 1960-இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் பாடப்புத்தகத்தில் எழுதி வைத்த அந்த நான்கு 'பி'க்களோடு அவன் காலம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது செமஸ்டரில் 'சர்வீஸ் மார்க்கெட்டிங்' என்று ஒரு பேப்பர் வந்து சேர்ந்தது. அதில் 1981-இல் பூம்ஸ், பிட்னர் என்ற இருவர், இருக்கிற நான்கு போதாதென்று ஆட்கள், நடைமுறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என மேலும் மூன்றைச் சேர்த்து ஏழாக்கி வைத்திருந்தார்கள். பிள்ளையைக் கெடுத்தவை இந்தக் கடைசி மூன்றும்தான்.

சோப்பைப் பற்றிப் படித்தவன் சோப்புக் கடையோடு நிறுத்திக்கொள்வான். சேவையைப் பற்றிப் படித்தவனுக்கு அப்படியொரு எல்லை கிடையாது. சலூன், டவுன் பஸ், ரேஷன் கடை, பரோட்டாக் கடை, கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசை எல்லாமே பாடம். முதல் யூனிட் முடிந்த வாரமே அவன் முடிவெட்டிக்கொள்ளப் போனான். கழுத்தில் துணியைக் கட்டியதும் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க சேவையை உற்பத்தி பண்றதும் நான் அதை அனுபவிக்கிறதும் ஒரே நேரத்துல நடக்குது. உங்களையும் சேவையையும் பிரிக்கவே முடியாது" என்று ஆரம்பித்தான்.

"தலையை ஆட்டாத தம்பி. காதைப் பிரிச்சிரப் போறேன்" என்றார் அவர்.

இன்டாஞ்சிபிலிட்டி, இன்செப்பரபிலிட்டி, ஹெட்டிரோஜெனிட்டி, பெரிஷபிலிட்டி. தொட்டுப் பார்க்க முடியாது, ஆளிடமிருந்து பிரிக்க முடியாது, ஒருநாள் போல் மறுநாள் இருக்காது, எடுத்து வைக்க முடியாது. இந்த நான்கும் நிச்சயமான பத்து மார்க் கேள்வி என்பதால் அவன் இவற்றைத் தூக்கத்தில்கூடச் சொல்வான். கடைசிக் குணம்தான் அவனுக்கு மிகவும் பிடித்தது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காலி சீட்டோடு பஸ் கிளம்பினால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்துவிடுவான்: "இந்த சீட்டை எடுத்து வச்சு நாளைக்கு விக்க முடியுமா? முடியாது. இந்த டிரிப்போட இது செத்துப்போச்சு." பக்கத்தில் இருப்பவர் அந்தக் காலி சீட்டுக்கு மாறி உட்கார்ந்துவிடுவார். தான் கட்டடித்த வகுப்புகளும் அதே கணக்கில் செத்துப்போனவைதான் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை. அதற்குத்தான் கண்டோனேஷன் ஃபீஸ் இருக்கிறதே.

இந்த பேப்பரில் அவனுக்கு ஒரு குலதெய்வமும் உண்டு: பரசுராமன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்கா போய் மார்க்கெட்டிங் பேராசிரியர் ஆனவர். அவரும் சைதாமல், பெர்ரி என்ற இருவரும் சேர்ந்து 1985-இல் 'கேப் மாடல்' என்ற படத்தைப் போட்டார்கள். சேவை எந்தெந்த இடத்தில் கோட்டை விடும் என்பதற்கு ஐந்து இடைவெளிகள். பரீட்சையில் அந்தப் படத்தை நம் தம்பி ஸ்கேல் வைத்து, இரண்டு கலர் பேனாவில், அரைப் பக்கத்துக்கு வரைவான். படம் பெரிதாக இருந்தால் மார்க்கும் பெரிதாக விழும் என்பது பல தலைமுறையாக வருகிற நம்பிக்கை. சைதாமலின் பெயர் ஒரே விடைத்தாளில் மூன்று விதமாக வரும். பரசுராமன் மட்டும் எழுத்துப் பிசகாமல் வருவார். "நம்மாளு சார்" என்பான்.

மூவரும் 1988-இல் 'சர்வ்குவால்' என்ற அளவுகோலையும் செய்தார்கள். வாடிக்கையாளர் என்ன எதிர்பார்த்தார் என்பதற்கு 22 வாசகங்கள், என்ன கிடைத்தது என்பதற்கு அதே 22. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுக்குள் மதிப்பெண். வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் யோசித்துச் செய்த இந்தக் கருவி, எங்கள் ஊரில் குரூப் புராஜெக்ட் என்ற பெயரில் டீக்கடைக்குள் நுழைந்தது.

புராஜெக்டின் தலைப்பு ஒன்றரை வரி நீளம்: 'மதுரை மாநகர்த் தேநீர்க் கடைகளின் சேவைத் தரம் குறித்த வாடிக்கையாளர் மனப்பான்மை: ஓர் ஆய்வு'. குழுவில் ஐந்து பேர். ஒருவன் எழுதுவான், ஒருவன் எக்செல் போடுவான், ஒருவன் ஸ்பைரல் பைண்டிங்குக்குக் காசு கொடுப்பான், மற்ற இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சாம்பிள் நூறு பேர். ஏன் நூறு என்று யாரும் கேட்பதில்லை. நூறு என்றால் சதவீதம் போடக் கால்குலேட்டர் வேண்டாம்.

தம்பி காலை ஆறரை மணிக்கு, கடை வாசலில் கூட்டம் அலைமோதும் வேளையில், 44 கேள்விகளோடு போய் நின்றான். முதலில் சிக்கியவர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர். "அண்ணே, ஒரு சிறந்த டீக்கடையில நவீன உபகரணங்கள் இருக்கணும்னு எதிர்பார்க்கிறீங்களா? ஒண்ணுல இருந்து ஏழுக்குள்ள சொல்லுங்க."

"ஏழு ரூவாயா? எந்தக் கடையில?" என்றார் அவர்.

மாஸ்டரிடமும் கேட்டான். வாடிக்கையாளரின் தனிப்பட்ட தேவைகளைப் புரிந்துகொள்கிறீர்களா என்பது கேள்வி. மாஸ்டர் பதில் சொல்லவில்லை. எதிர்ச் சாரியில் வயசான ஒருவர் ரோட்டைக் கடக்க நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் வந்து சேருவதற்குள் மாஸ்டர் ஒரு கிளாஸை எடுத்து, சர்க்கரை போடாமல், டிகாக்‌ஷனைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, ஒரே ஆற்றில் ஆற்றி மேடையில் வைத்தார். அவர் வந்தார், எடுத்தார், குடித்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தம்பி அந்தக் கட்டத்தில் 'பதிலளிக்கவில்லை' என்று டிக் அடித்துக்கொண்டான்.

புராஜெக்டில் 'புளூபிரிண்ட்' ஒன்றும் கட்டாயம் வேண்டும். லின் ஷோஸ்டாக் என்ற வங்கி அதிகாரி எண்பதுகளில், தெருவோரம் ஷூ பாலிஷ் போடுகிற வேலையைக்கூடப் படிப்படியாகப் பிரித்து, நேரம் குறித்து, வரைபடமாக்கிக் காட்டினார். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற வேலை கோட்டுக்கு மேலே, தெரியாதது கீழே. டீக்கடையிலோ எல்லாமே கோட்டுக்கு மேலேதான். பாய்லர், பால், வடிகட்டி, கல்லா, மாஸ்டரின் கோபம் எல்லாம் வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே. கீழே எழுத ஒன்றும் இல்லாமல் தவித்தவன், கடைசியில் கிளாஸ் கழுவுகிற வாளியை அங்கே வைத்தான். அந்த ஆய்வில் உண்மைக்கு மிக நெருங்கிய இடம் அதுதான் என்பேன்.

நூறில் முப்பது வாடிக்கையாளர்கள் தேறினார்கள். மீதி எழுபது பேரை ஹாஸ்டலில் ஒரே இரவில் உருவாக்கினார்கள், பேனாவை மாற்றி, சிலரை இடது கையால். கண்டுபிடிப்பு: 68 சதவீதத்தினர் திருப்தி. பரிந்துரை: பார்க்கிங் வசதி செய்துதர வேண்டும். டீக்கடைக்குத்தான்.

வீட்டில் அவன் தொல்லை வேறு வகை. காலையில் தட்டைப் பார்த்ததும், "இது கேப் ஒண்ணும்மா. நான் எதிர்பார்த்தது பூரி. நான் என்ன எதிர்பார்க்கிறேன்னே நிர்வாகத்துக்குத் தெரியல" என்பான். நிர்வாகம் உப்புமாவைக் கிண்டிக்கொண்டே, "தெரியும்டா. தெரிஞ்சுதான் உப்புமா" என்று சொல்லும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால், வாடிக்கையாளரையே வேலையில் பங்கெடுக்க வைத்தால் சேவைச் செலவு குறையும் என்று புத்தகத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டுவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போவான்.

அவன் வகுப்பில் கடைசி பெஞ்சில் இன்னொருவன் இருக்கிறான். அவனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவன். மண்டபத்தில் விடிகாலை டிபனிலிருந்து ராத்திரிப் பந்தி வரைக்கும் பரிமாறிவிட்டு, மறுநாள் முதல் ஹவரில் டெஸ்க்கில் கவிழ்ந்திருப்பான். விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகச் சிரிப்பதும் ஓர் உழைப்புதான் என்று ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை சார் நடத்தியபோதும் இவன் தூங்கினான். முந்தின நாள்தான் சூப்பர்வைசர், "மூஞ்சியைச் சிரிச்சாப்புல வச்சுக்கங்கடா" என்று பத்துப் பேரை வரிசையில் நிறுத்திச் சொல்லியிருந்தார். போன இன்டர்னலில் நம் தம்பி முதல் மார்க். இவன் பாஸானதே சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் இருவரும் ஒரே மண்டபத்தில் மாட்டினார்கள். தம்பி பெரியப்பாவோடு இரண்டாம் பந்திக்கு நின்றான். முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர். தம்பிக்கு நாக்கு அரித்தது. "பெரியப்பா, மேய்ஸ்டர்னு ஒருத்தர் 1985-லயே சொல்லிட்டாரு. சும்மா காத்திருந்தா நேரம் நீளும், ஏதாவது வேலை இருந்தா போறதே தெரியாது. இங்க பாருங்க, முன்னாடி இருக்கவரு எந்த அயிட்டத்துக்கு வந்துட்டாருன்னு பார்க்கிறதே நமக்கு வேலையாயிருது."

"வெளக்கத்தை அப்புறம் சொல்லு. அந்த மஞ்ச சட்டை மோருக்கு வந்துட்டாரு. போய் சேரைப் புடி."

பிடித்தான். இலை விழுந்தது, சோறு விழுந்தது. சாம்பார் வாளியோடு வந்தவன் கடைசி பெஞ்சுக்காரன். யூனிஃபார்ம் சட்டை, தலையில் வலைத் தொப்பி. "மாப்ள, நல்லவேளை. நாளைக்கு டெஸ்ட்டுக்கு அந்த அஞ்சாவது கேப் என்னடா?"

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வாடிக்கையாளர் எதிர்பார்க்கிற சேவைக்கும் அவருக்குக் கிடைச்சதா அவர் உணர்ற சேவைக்கும் இருக்கிற இடைவெளிடா. மத்த நாலு கேப்பும் சேர்ந்துதான் இது வருது. ஒண்ணாவது கேப் என்னன்னா..." என்று விரலை மடக்கினான். கடைசி பெஞ்சுக்காரன் காதைக் கொடுத்துக்கொண்டே பெரியப்பா இலையில் குழி பார்த்து ஊற்றினான். அடுத்த இலையில் ஒரு பெண் குழந்தை முகத்தைச் சுளிக்கவும் பாதிக் கரண்டியோடு நிறுத்தினான். அதற்கடுத்தவர் கையைக் குறுக்கே நீட்டும் முன்பே தாண்டிப் போனான். நான்காவது கேப்புக்கு வரும்போது வாளி வரிசையின் கோடியில் இருந்தது.

தம்பி குனிந்து பார்த்தான். வெறும் சோறு.

"மாப்ள! சாம்பார்!"

"அடுத்து ரசம்தான்டா வரும்" என்று அங்கிருந்தே சிரித்தாப்புல குரல் வந்தது.