குழியின் ஆழம் குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: முப்பது வருடமாகச் சவுக்கு நடும் ஒருவன்.
பெறுநர்: ஆணையர் அவர்கள், எங்கள் ஊர் நகராட்சி.
பொருள்: பேனர்களைத் தள்ளிவிடும் காற்றின் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல், தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பந்தல் போடுவதும் பேனர் கட்டுவதும் என் தொழில். ரீப்பரில் சட்டம் அடித்து, பிளெக்ஸை இழுத்து ஆணி அறைந்து, சவுக்குக் கம்பம் நட்டுக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தால் அன்றைய கூலி கிடைக்கும்.

போன மாதம், வாழ்க்கையில் முதல்முறையாக, முறைப்படி அனுமதி கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் தெரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குப் பத்துக்கு எட்டில் ஒரு பேனர். நீளம் கேட்டீர்கள், சொன்னேன். அகலம், நாள் கணக்கு, அச்சகத்தின் முகவரி, காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று எல்லாம் கொடுத்தேன். குழி எத்தனை அடி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் நானே சொல்ல வாயெடுத்தேன். "அதுக்கெல்லாம் ஃபார்ம்ல கட்டம் இல்லப்பா" என்றார் கவுண்டரில் இருந்தவர். நல்ல மனிதர். கட்டம் இருந்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பார்.

பதினோரு நாள் அலைந்து அனுமதி எண் வாங்கி, அதைப் பேனரின் அடியில் அச்சடித்து, நட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சாரியில் இருபதுக்குப் பத்தில் மூன்று நிற்கின்றன. அனுமதி எண் இருக்க வேண்டிய இடத்தில் வட்டச் செயலாளர்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். எண்ணுக்கு இடம் போதவில்லை போலும்.

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தின் நீளத்தில் கால் பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். பதினாறடிக் கம்பம் என்றால் நாலடிக் குழி. கல் போட்டு இடித்து மண்ணை இறுக்கி, பின்னால் முட்டுக் கொடுத்தால் ஒரு மழை தாங்கும். ஆனால் தலைவர் போகிற சாலையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, நடுத்திட்டில்தான் வேண்டும் என்பார்கள். அங்கே அரளிச் செடிக்காகக் கொட்டிய மண் ஒன்றரை அடி இருக்கும், அதற்குக் கீழே கான்கிரீட். கடப்பாரை கணீரென்று சொல்லிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கேட்பது நாங்கள் மட்டும்தான்.

பிளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறி விட்டால் காற்று கொஞ்சமாவது புகுந்து போகும். எங்கே கீறுவது? மேலே மறைந்த தலைவர்கள், நடுவில் இருக்கும் தலைவர், ஓரமெல்லாம் மாவட்டம், ஒன்றியம், கிளை. காலி இடம் ஒரு சாண் கிடையாது. மாவட்டத்தின் கன்னத்தில் கத்தி வைத்துவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியுமா? ஆகவே காற்றை முழுசாகத் தடுத்து நிறுத்துகிறோம். காற்றும் பதிலுக்குத் தள்ளுகிறது.

இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். பத்துக்கு எட்டுப் பேனரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் சுமார் 30 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. வேகம் இரட்டித்து 60 ஆனால் தள்ளு நாலு மடங்காகி 125 கிலோவைத் தொடும். சென்னையில் கட்டடம் கட்டுகிறவர்கள் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. அந்தக் காற்றுக்கு இதே பேனர் ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். நாங்கள் மனதில் வைப்பது, விடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதை.

ஆகவே குற்றவாளி காற்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக நடுத்திட்டில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. லாரி ஓட்டுநரைப் பிடித்தார்கள், அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். பேனர் வைத்த பிரமுகரைப் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. வழக்குப் போடுவதானால் காற்றின் மேல்தான் போட வேண்டும் என்று அப்போது ஒரு மூத்த தலைவர் தொலைக்காட்சியிலேயே சொன்னார். இத்தனை வருடம் ஆகியும் காற்றுக்கு ஒரு சம்மன்கூடப் போகவில்லை என்பது வருத்தமளிக்கிறது.

கட்சிகள் இப்படிப் பேனர் வைக்க உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே தடை போட்டிருந்தது. அந்தப் பெண் இறந்து ஒரு மாதம் ஆகுமுன், மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வருகிறார், வரவேற்புப் பேனர் வைக்க வேண்டும் என்று அரசே நீதிமன்றத்துக்குப் போய் நின்றது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அது வேறு வருத்தம்.

அதற்கும் முன்பு, 2017 நவம்பரில், கோவை அவிநாசி சாலையில் மறைந்த தலைவர் ஒருவரின் நூற்றாண்டு விழா வளைவுக்குச் சாரம் கட்டியிருந்த இடத்தில் பைக்கில் வந்த இளைஞர் இறந்துபோனார். அவரைக் கொன்றது யார் என்று ஊர்க்காரர்கள் தார்ச்சாலை மேலேயே பெயிண்டால் எழுதிக் கேட்டார்கள். அந்த எழுத்துக்குக் கம்பமில்லை, குழியில்லை, கயிறில்லை. நான் பார்த்த விளம்பரங்களில் யார் தலையிலும் விழ முடியாதது அது ஒன்றுதான்.

ஐயா, காற்றின் மேல் நடவடிக்கை எடுக்கத் தங்களுக்கு அதிகார வரம்பு இல்லை என்று பதில் வரலாம். அப்படியானால் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள்: குழியின் ஆழம், அடியில். எழுதியது சரியா என்று பார்க்க, ஓர் ஊழியரை நடுத்திட்டு வரைக்கும் அனுப்புங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பந்தல்காரன்.

இணைப்பு: நாலடிச் சவுக்குத் துண்டு ஒன்று, அடிக்கு ஒரு கோடு போட்டது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது தரவும்.