நாய்க்கு மலை காட்டியவர்

நெல்லித்தோப்பில் மலை கிடையாது. புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் பெயரளவில் ஒரு கோரிமேடுதான். அங்கே ஏறினால் வருவது ஜிப்மர் ஆஸ்பத்திரி. இருந்தும், நாயை மலை முன்னால் நிறுத்திப் படம் பிடித்தே தீருவேன் என்கிற ரகம் எங்கள் தெருவிலும் முளைத்துவிட்டது.

இந்த ரகத்தைச் சுலபமாக அடையாளம் காணலாம். கல்யாண நாள் மறந்துபோகும்; நாயின் தடுப்பூசித் தேதி மறக்காது. சட்டைப் பையில் எந்நேரமும் பொறை இருக்கும். முட்டியில் செம்மண் இருக்கும். "நாயை நின்னுக்கிட்டு எடுக்கக் கூடாது சார், அதோட கண்ணு மட்டத்துக்கு இறங்கணும்" என்பார். இறங்குவதென்றால் குப்புறப் படுப்பது.

எங்கள் தெருக்காரர் வளர்ப்பது ராஜபாளையம், சுத்த வெள்ளை. 2005இல் தபால்தலையில் வந்த இனம் என்பதை, விலாசம் விசாரிக்க வருகிறவரிடமும் சொல்லித்தான் அனுப்புவார். ஒரு ஞாயிறு விடியற்காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். நாய் முன் சீட்டில், நான் பின்னால். சுமார் 70 கிலோமீட்டர் ஓடி செஞ்சி சேர்ந்தோம். 800 அடி ராஜகிரி பின்னணியில் நிற்க, வயலோரம் நாயை நிறுத்தினார். கேமராவுக்குப் பின்னாலிருந்து பொறையை ஆட்டுவது என் உத்தியோகம்.

நாய் ஆட்டைப் பார்த்தது. ஆடு போனதும் பொறையைப் பார்த்தது. தப்பித்தவறி கேமராவைப் பார்த்தபோது படத்தில் சாம்பல் நிறமாக விழுந்தது. வெள்ளையைக் கண்டால் கேமரா வெளிச்சம் அதிகமென்று ஏமாந்து இருட்டடிக்குமாம். ஒரு படி கூட்டி வைக்கணுமாம். கூட்டினார். நாய் வெளுத்தது, கூடவே வானமும் சலவை வேட்டியாக வெளுத்தது.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். புதுச்சேரியில் அவர் பெயரில் வீதியே இருக்கிறது. நம்மவருக்குப் பகல் பதினொன்று வரை ஒரு படம் பிடிபடவில்லை. பொறையும் தீர்ந்துகொண்டே வந்தது. பாதியை நான் தின்றேன் என்று சந்தேகப்படுகிறார். சந்தேகம் சரிதான்.

கடைசியில் ஒரு படம் தேறியது: மலை, நாய், ஓரத்தில் பொறையோடு ஒரு கை. பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் "நாய் யாருது?" என்று கேட்பதில்லை; "கை யாருது?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்து ஏற்காடாம். அதுவரை தெருவிலேயே ஒத்திகை. ஆகவே, நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் யாராவது நடுத்தெருவில் குப்புறக் கிடந்தால், அவசரப்பட்டுச் சாராயக்கடையைத் திட்டாதீர்கள். எதிரே வெள்ளை நாய் நிற்கிறதா என்று பாருங்கள்.