வேண்டா வினா: ஆங்கில முகமனும் அதன் எண்வகை விடையும்

முன்னுரை

வினா ஆறு வகைப்படும் என்று நன்னூலில் வகுத்துவைத்தார் பவணந்தி முனிவர்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளிக்கூடத்தில் இதை நெட்டுருப் போடாத தமிழர் அரிது. முனிவர் 13ஆம் நூற்றாண்டினர். ஆங்கிலேயர் எவரையும் எதிர்கொள்ளும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. கேட்கப்பட்டவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாலோ அது குற்றம். இத்தகைய வினாவுக்கு ‘வேண்டா வினா’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. ‘ஹவ் டு யூ டு?’, ‘ஹவ் ஆர் யூ?’, ‘யூ ஆல்ரைட்?’, ‘வாட்ஸ் அப்?’ ஆகியவை இதன் எடுத்துக்காட்டுகள்.

ஆய்வு எல்லை

‘குட் மார்னிங்’ வகையறா இங்கே சேரா. அவை வினா அல்ல. வந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேர். ‘குட் ஈவினிங்’ வரும்போது, ‘குட் நைட்’ கிளம்பும்போது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ‘ஹலோ’வும் விலக்கப்பட்டது. தொலைபேசியை எடுத்ததும் கப்பல்காரரைப் போல ‘அஹாய்’ என்று கூவ வேண்டும் என்பது கிரகாம் பெல்லின் விருப்பம். ‘ஹலோ’வே போதும் என்று 1877இல் ஒரு கடிதத்தில் எழுதினார் எடிசன். போனை எடுக்கும் நம் பாட்டிமார் அனைவரும் இன்று எடிசன் கட்சி. கடிதத்தை ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்றும், பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும் முடிக்க வேண்டும் என்ற பிரிட்டிஷ் விதி தனியொரு முனைவர் பட்டத்துக்கு உரியது. அதில் கைவைப்பது முறையன்று.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூத்தவர் மாலினோவ்ஸ்கி. போலந்தில் பிறந்து, பசிபிக் கடலின் டிரோப்ரியண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கி ஆராய்ந்து, லண்டனில் பேராசிரியர் ஆனவர். ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் 1923இல் வெளியிட்ட ‘தி மீனிங் ஆஃப் மீனிங்’ நூலின் பின்னிணைப்பில் அவர் எழுதியதன் சாரம் இது: எல்லாப் பேச்சும் செய்தி சொல்ல வந்ததன்று, சில நேரம் வாய் திறந்ததே செய்தி. பேசாமல் நிற்கும் அந்நியன் அச்சமூட்டுகிறான். நலம் விசாரித்துவிட்டால் அச்சம் அகல்கிறது. தீவுவாசிக்கும் ஐரோப்பிய விருந்தறைக்கும் இது பொது.

அடுத்தவர் ஆலன் ராஸ், பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர். ஆங்கில மேட்டுக்குடியின் பேச்சை ‘யூ’ என்றும் மற்றதை ‘நான்-யூ’ என்றும் பிரித்து 1954இல் அவர் எழுதிய கட்டுரை, ஃபின்லாந்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ‘ஹவ் டு யூ டு?’ என்றால் மேட்டுக்குடியார் அதையே திருப்பிச் சொல்வர். ‘ப்ளீஸ்ட் டு மீட் யூ’ என்பவர் நான்-யூ. ‘க்வைட் வெல், தேங்க் யூ’ என்று பொறுப்பாகப் பதில் சொல்பவரும் நான்-யூ. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதற்காகச் சாதி இறக்கம் செய்த நாடு அது.

மூன்றாமவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ். 1975இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பு ‘எவ்ரிஒன் ஹேஸ் டு லை’. பொய் சொல்லாமல் ஒருவருக்கும் விமோசனமில்லை என்பது கருத்து. ‘நன்றாக இல்லை’ என்றால் எதிரிலிருப்பவர் ‘ஏன்?’ என்று கேட்டாக வேண்டும். அந்த ஏனைக் கேட்கும் உறவு எல்லோருக்கும் கிடையாது. ஆகவே ‘ஃபைன்’.

எண்வகை விடை

வினாவில் ஒன்று குறைந்தாலும், நன்னூல் வகுத்த விடை எட்டும் ஆங்கிலத்துக்கு அச்சாகப் பொருந்துவது வியப்புக்குரியது.

சுட்டு விடை: தலையை ஓர் அங்குலம் அசைத்துவிட்டு நடையைக் கட்டுவது.

மறை விடை: ‘நாட் டூ பேட்’. மோசமில்லை என்று மறுப்பதுபோல் ஒலிக்கும். இங்கிலாந்தில் இது அமோகமாக இருப்பவர் சொல்லும் அடக்கமான வாசகம். ‘வாட்ஸ் அப்?’புக்கு உரிய ‘நாட் மச்’சும் இவ்வகை. நேற்றுத்தான் கல்யாணம் ஆகியிருந்தாலும் ‘நாட் மச்’.

நேர் விடை: ‘ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?’ நம்மூர் எல்.கே.ஜி. குழந்தைகள் ராகம் போட்டுச் சொல்வது. இதன் உயிர்நாடி கடைசி இரண்டு சொற்களில். அவற்றை விழுங்கிவிட்டால் இலக்கணம் நிற்கும், மரியாதை நிற்காது.

ஏவல் விடை: ‘டோன்ட் ஆஸ்க்!’ நண்பர்களிடம் மட்டும். கேட்காதே என்றபின் எவரும் கேட்காமல் விடுவதில்லை.

உறுவது கூறல்: ‘ஒரு காபி உள்ளே போனால் சரியாகிவிடும்’. திங்கட்கிழமைக் காலைக்கு உரியது.

இனமொழி விடை: நலத்தைக் கேட்டால் வானிலையைச் சொல்வது. இதன் ஆபத்தை பெர்னார்ட் ஷா ‘பிக்மேலியன்’ நாடகத்தில் அரங்கேற்றிக் காட்டினார். பூ விற்கும் எலைசாவுக்குச் சீமாட்டி உச்சரிப்பைக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஹிக்கின்ஸ், வானிலை, உடல்நலம் இரண்டை மட்டும் பேசச் சொல்லி விருந்தறைக்குள் விடுகிறார். வானிலை என்றதும் அவள் வானிலை அறிக்கை பாணியில் காற்றழுத்தத் தாழ்வு குறித்து விளக்குகிறாள். உடல்நலம் என்றதும் தன் அத்தை எப்படிச் செத்தாள், யார் அதற்குக் காரணம் என்று ஆரம்பிக்கிறாள். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை, பதில் சொன்னதில்.

வினா எதிர் வினாதல்: இதுவே எட்டில் அரசன். ‘ஹவ் டு யூ டு?’ என்று ஒருவர் கைநீட்டுகிறார். ‘ஹவ் டு யூ டு?’ என்று மற்றவர் குலுக்குகிறார். இரண்டு வினா, விடை பூஜ்யம், இருவருக்கும் திருப்தி. மாடியில் ராஸ் கண்ட இந்த வழக்கம் தெருவிலும் உண்டு: ‘ஆல்ரைட்?’ ‘ஆல்ரைட்?’

உற்றது உரைத்தல்: நடந்ததைச் சொல்வது. விலக்கப்பட்டது. காரணம் கீழே.

களச் சான்று

லண்டன் அலுவலகம் ஒன்றின் தாழ்வாரம். நம்மூரிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர் காபிக் கோப்பையுடன் வருகிறார். எதிரே வரும் சக ஊழியர், நடை குறையாமல், ‘யூ ஆல்ரைட்?’ என்கிறார். நம்மவர் நின்றுவிடுகிறார். முகம் வாடித் தெரிகிறதோ என்ற கவலையில், இரண்டு நாளாக இருமல், ராத்திரி தூக்கமில்லை, சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தேன் என்கிறார். ஊழியரின் வலக்கை கதவுப்பிடியில். ஒரு கால் ஏற்கனவே உள்ளே. புன்னகை அப்படியே இருக்கிறது, கண் மட்டும் கடிகாரத்துக்குப் போய் வருகிறது. ‘ஓ, ரைட்’ என்கிறார். மறுநாள் முதல் அவர் தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிறார். எட்டாம் விடை தந்தவர் முதல் விடைக்கு இறக்கப்பட்டார்.

விதி

இவற்றால் பெறப்படும் விதி: முறைமை ஏற ஏற விடை சுருங்கும். உற்ற நண்பனிடம் இருமலைச் சொல்லலாம். சக ஊழியரிடம் ‘நாட் டூ பேட்’. விருந்தில் அறிமுகமானவரிடம் கேள்வியையே திருப்பித் தர வேண்டும். உச்சியில் இருந்தவர் எலிசபெத் அரசியார். வரிசையில் நின்றவர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்டதாகப் பேர்பெற்ற கேள்வி, ‘ரொம்ப தூரத்திலிருந்தா வருகிறீர்கள்?’ ரயில் மாறிய விவரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இதைக் கேட்டுத் தமிழர் சிரிக்க வேண்டியதில்லை. பையும் கையுமாகப் பூட்டை இழுத்துப் பார்க்கும் நம்மிடம் பக்கத்து வீட்டு மாமா ‘எங்க, தூரமா?’ என்கிறார். சட்டைப்பையில் மதுரை டிக்கெட்டை வைத்துக்கொண்டு ‘இங்கதான் மாமா, பக்கத்துல’ என்கிறோம். மாமா நிம்மதியாகத் திண்ணையில் சாய்கிறார். மாலினோவ்ஸ்கி தீவுக்குப் போயிருக்கவே வேண்டாம்.

மேலாய்வுக்கு உரியது

விதிக்கு விலக்காக மருத்துவர் அறையையேனும் காட்டலாம் என்று கருதப்பட்டது. அங்கும் மருத்துவர் ‘ஹவ் ஆர் யூ?’ என்கிறார், நோயாளி ‘ஃபைன், தேங்க் யூ’ என்றபடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்கிறார். ‘என்ன பிரச்சினை?’ என்று இரண்டாவது முறை கேட்டபிறகே நோய் வெளிவருகிறது. அது அசல் அறியா வினா; அதற்கு உற்றது உரைக்கலாம், எவ்வளவு நேரமானாலும். இரண்டு கேள்விக்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் நோயாளி நலமாக இருந்தாரா என்பதை மருத்துவத் துறை தனியே ஆராய வேண்டும்.