வேலியோரத்து அப்பா

வசந்தகாலத்தில் அமெரிக்கப் புறநகர் எதுவாக இருந்தாலும் சாயங்காலம் அங்கே சிறுவர் பேஸ்பால் பயிற்சி நடக்கும். கம்பிவேலிக்கு உள்ளே ஒரு டஜன் பிள்ளைகளும் ஒரு கோச்சும். வெளியே இவர், கம்பியில் விரலைக் கோத்தபடி. வாயில் சூரியகாந்தி விதை. தோலைத் துப்புகிற இடைவெளியில் ஆலோசனை.

"முழங்கையைத் தூக்கு! பந்தைப் பாரு! கவனம், கவனம்!"

லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் பந்து எறியும் இடத்துக்கும் அடிக்கும் இடத்துக்கும் நடுவே 46 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு அதைக் கடக்க முக்கால் விநாடிகூட வேண்டாம். அதற்குள் பையன் பந்தைப் பார்த்து, அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். இவன் முழங்கையைத் தூக்குகிறான். அப்பாவுக்குத் திருப்திதானா என்று வேலிப் பக்கம் திரும்புகிறான். பந்து கேட்சரின் கையுறையில் இருக்கிறது.

"எங்கே பார்க்கிறே?" என்கிறார் அப்பா.

கோச்சின் வழி வேறு. பந்துகளில் எண் எழுதிவைத்து, வலைக்குப் பின்னாலிருந்து மெதுவாக எறிவார். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பையன் எண்ணைத் தேடினால் பந்தைப் பார்க்காமல் இருக்க முடியாதே. ஒருவன் அடிக்க மற்றவர்களெல்லாம் மைதானத்தில் புல் பிடுங்கிக்கொண்டு நிற்கக் கூடாதென்று மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுவார். இங்கே குச்சி மேல் வைத்த பந்து, அங்கே வலை. வேலியோரத்தவருக்கு இதெல்லாம் பாலர் பள்ளி சமாசாரம். 300 டாலருக்கு மேல் கொடுத்து மட்டை வாங்கியது குச்சிமேல் பந்தைத் தட்டவா? (பெரிய லீக் ஆட்டக்காரர்களும் அந்தக் குச்சியில்தான் பழகுகிறார்கள் என்று சொன்னால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.)

அவருக்குப் பழைய பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ்தான் கடவுள். 1941இல் அடி சராசரி .406! தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்வார். அது 456 வாய்ப்புகளில் 185 வெற்றி. மீதி 271 முறை கடவுளுக்கும் கைகூடவில்லை. அந்தக் கணக்கு அவர் வாயில் வராது. பையன் மூன்று முறை தவறவிட்டால் மட்டும் காரில் வீடுவரை விசாரணைக் கமிஷன்.

லிட்டில் லீக்கை 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கினார். இன்றுவரை ஊர்க்காரர்களின் இலவச உழைப்பில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் வேலியோரத்தவருக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல்.

ஒருநாள் கோச் சிரித்த முகமாகப் பந்து வாளியை நீட்டினார்: "நீங்களே கொஞ்சம் எறியுங்களேன்." மறுக்க வழியில்லை. முதல் பந்து பையனின் தொப்பிக்கு மேலே போயிற்று. இரண்டாவது மண்ணில். மூன்றாவது கோச்சைத் தேடிப் போனது. பையன் மட்டையை அசைக்கவே இல்லை. ஒவ்வொரு பந்தையும் கடைசிவரை பார்த்தான்.

வேலிக்கு வெளியே காலியான இடத்தில் வேறொரு அப்பா வந்து கம்பியைப் பிடித்தார்.

"முழங்கையைத் தூக்குங்க சார்!"